கருப்புச் சட்டை கொடுத்த ஞானஸ்நானம்

நம்ம வயசுக்காரர்கள் வீட்டில் எல்லாம் அந்தப் போட்டோ ஒன்று இருக்கும். வெள்ளை நெட் துணியில் ஃப்ராக், தலையில் பிளாஸ்டிக் பூ வைத்த கிரீடம், கையில் ரிப்பன் சுற்றிய மெழுகுவர்த்தி, முகத்தில் ஸ்டூடியோக்காரர் அதட்டி வரவழைத்த பக்தி. கோயிலில் முதல் தடவை நற்கருணை அப்பம் வாங்கிய நாளில் எடுத்த புதுநன்மை போட்டோ. பையனாக இருந்தால் கழுத்தை நெரிக்கும் டை, எண்ணெய் வழியும் தலை. நீங்கள் எல்லாம் அதை ஷோகேஸில் வைத்துப் பேரப்பிள்ளைகளுக்குக் காட்டுகிறீர்கள் என்று கேள்விப்படுகிறேன். என்னுடையது ஏதோ ஒரு வீடு மாற்றும்போது தொலைந்துபோனது. நான் தேடவில்லை.

அந்த நாளைப் பற்றிக் கேட்டால் எல்லோரும் ஒரே மாதிரிதான் சொல்கிறீர்கள். ஆண்டவர் முதல் தடவையாக உள்ளே வந்தாராம், உடம்பெல்லாம் சிலிர்த்ததாம். பொய் சொல்லாதீர்கள். அப்பம் மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. அதை நாக்கால் தள்ளினால் பாவமா இல்லையா என்று தெரியாமல் முழித்துக்கொண்டு நின்றோம். அப்புறம் கோயிலுக்குப் பின்னால் ஷாமியானாவுக்குக் கீழே கேசரியும் போண்டாவும் தின்றோம். நடந்தது அவ்வளவுதான்.

எனக்கு நன்றாக நினைவிருப்பது அந்த நாள் இல்லை, அதற்கு முந்தைய கோடை. எண்பதுகளின் நடுவில் ஒரு வருஷம். எனக்குப் பத்து வயது.

கிழக்குத் தாம்பரத்தில் எங்கள் கோயிலை ஒட்டி ஒரு ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகை இருந்தது. பள்ளிக்கூடம் லீவு விட்டதும் எங்களை அதற்குள் அடைத்துவிடுவார்கள். மின்விசிறி கிடையாது. ஏர்ஃபோர்ஸ் விமானம் தலைக்கு மேல் போகும்போது மட்டும் ஞானோபதேச டீச்சர் வாயை மூடுவார். அதனால் விமானங்களுக்காக நாங்கள் உருக்கமாக ஜெபித்தோம். கோயில் வாசலில் தீர்த்தத் தொட்டி அந்தக் கோடையில் காய்ந்து, அடியில் ஒரு செத்த எறும்பும் உப்புப் படிவும்தான் கிடந்தன. பழக்கதோஷத்தில் எல்லோரும் அதற்குள் விரலை விட்டு நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு போனார்கள்.

டீச்சர் அடிஸ்கேல் வைத்துக்கொண்டுதான் தேவரகசியங்களைச் சொல்லிக்கொடுப்பார். கேள்வி அவர் கேட்பார், பதிலை நாங்கள் கோரஸாகக் கத்துவோம். தேவதிரவிய அனுமானங்கள் என்கிற திருச்சடங்குகள் எத்தனை? ஏழு. ஞானஸ்நானம் என்றால் என்ன? ஜென்மப் பாவத்தைப் போக்கும் முதல் அனுமானம். அர்த்தம் கேட்டால் அடிஸ்கேல். பாவசங்கீர்த்தனத்துக்கும் எங்களைத் தயார் செய்தார். என்னென்ன பாவம் சொல்ல வேண்டும் என்று அவரே முடிவு செய்து எல்லோரையும் ஒரே பாடம் ஒப்பிக்கவைத்தார். பொய் சொன்னேன், பூசையில் பராக்குப் பார்த்தேன், பெற்றோருக்குக் கீழ்ப்படியவில்லை, தம்பியை அடித்தேன்.

"எனக்குத் தம்பியே இல்ல டீச்சர்," என்றேன்.

"அப்ப பக்கத்து வீட்டுப் பையனை அடிச்சேன்னு சொல்லு."

"அடிக்கலியே டீச்சர்."

"இன்னும் நாள் கெடக்குல்ல?" என்றார்.

இவரைத்தான் இன்றைக்கு நம் ஆட்கள் விசுவாசத்தை ஊட்டிய தாய் என்கிறார்கள்.

இந்தக் கூட்டத்துக்கெல்லாம் மேலே உட்கார்ந்திருந்தவர் என் அப்பா. கோயில் கமிட்டிச் செயலாளர். சர்க்கார் ஆபீஸில் ஹெட்கிளார்க். ஞாயிற்றுக்கிழமை முதல் வாசகம் அவர்தான் வாசிப்பார். மைக்கே தேவையில்லாத குரல், இருந்தாலும் மைக்கை இழுத்து வாய்க்குள் வைத்துக்கொள்வார். ஆண்கள் பக்கம் முதல் வரிசையில் வெறும் தரையில்தான் முழங்கால் போடுவார். மார்பில் அறைந்துகொண்டால் பெண்கள் பக்கம் தூங்குகிற குழந்தை விழித்துக்கொள்ளும். நன்மை வாங்கித் திரும்பி வரும்போது கண்ணை மூடிக்கொண்டே நடந்து வருவார். ஒரு நாளாவது தூணில் முட்டிக்கொள்வார் என்று நான் காத்திருந்தேன். முட்டிக்கொள்ளவே இல்லை. இமையைக் கொஞ்சம் திறந்து வைத்திருப்பார் என்று பிறகு கண்டுபிடித்தேன்.

கோயிலின் கடைசி பெஞ்சில் என் சித்தி உட்கார்ந்திருப்பார். அம்மாவுடைய கூடப்பிறந்த தங்கை. பல்லாவரத்தில் ஒரு கம்பெனியில் டைப்பிஸ்டாக இருந்தவர். தினமும் போய்வந்த எலெக்ட்ரிக் ரயிலில் ஒருத்தரைச் சந்தித்து, யாரையும் கேட்காமல் கல்யாணம் செய்துகொண்டார். அவர் இந்துவாக இருந்தாலாவது அப்பா ஞானஸ்நானம் கொடுத்து இழுத்துவிடலாம் என்று பார்த்திருப்பார். அவர் அதுவும் இல்லை. சாமியே இல்லை என்கிற கட்சி. குரோம்பேட்டையில் தோல் கம்பெனி ஒன்றில் கணக்குப் பார்த்தார். சாயங்காலங்களில் கருப்புச் சட்டை போட்டுக்கொண்டு கூட்டத்துக்குப் போவார். ரெண்டு மாலை, நாலு நண்பர்கள், ஒரு ரிஜிஸ்தர் ஆபீஸ். அவ்வளவில் கல்யாணம் முடிந்தது.

கோயிலில் நடக்காத கல்யாணம் என்பதால் சித்தி நன்மை வாங்க முடியாது. ஆனாலும் ஒரு ஞாயிறு தவறாமல் குரோம்பேட்டையிலிருந்து பஸ் பிடித்து வருவார். எல்லோரும் எழுந்து பீடத்தைப் பார்த்துப் போகும்போது அவர் மட்டும் முழங்காலில் அப்படியே இருப்பார். அவரைத் தாண்டிப் போகிறவர்கள் புடவையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு போவார்கள். எங்கள் வீட்டில் அவர் பேரைச் சொல்லக்கூடாது. சித்தப்பாவுக்குப் பேரே கிடையாது. 'அந்தக் கருப்புச் சட்டை', அவ்வளவுதான்.

சித்தி அந்த வருஷம் மாசமாக இருந்தார். பெரிய வியாழன் பூசை முடிந்த கூட்டத்தில் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"அக்கா, குழந்தைக்கு ஞானஸ்நானம் குடுப்பாங்களான்னு அத்தான வுட்டு ஃபாதர்கிட்ட கேக்கச் சொல்லு. எங்க வீட்டுக்காரரு ஒண்ணும் தடுக்க மாட்டாரு. ஒன் இஷ்டம்னுட்டாரு."

அம்மா சொல்லிப் பார்த்தார். ரெண்டு நாள் கழித்து, ரசம் ஊற்றிச் சாப்பிட்டுக்கொண்டே அப்பா சொன்னார்.

"ஃபாதர்கிட்ட பேசிட்டேன். முடியாதுன்னுட்டார். கல்யாணமே செல்லாது, அதுல பொறக்கற குழந்தைக்கு என்ன ஞானஸ்நானம்னு கேக்கறார். நாம என்ன பண்ண முடியும்?"

அம்மா கரண்டியை ரசத்துக்குள் போட்டுவிட்டு எடுக்கவே இல்லை. எனக்கு ஃபாதர் மேல்தான் ஆத்திரம் வந்தது. அவரைப் பார்த்தாலே எங்களுக்குப் பயம். ஒல்லியாக, நெட்டையாக, சிரிக்காத முகம். பிரசங்கம் சின்னதாக வைப்பார், யார் வீட்டு விருந்துக்கும் போக மாட்டார். அதனால் அவரைப் பிடிக்காதவர்கள்தான் ஊரில் அதிகம். கல்நெஞ்சக்காரர் என்று பேர். நானும் அப்படியே நம்பினேன்.

மே மாதத்தில் குழந்தை பிறந்தது. நாள் ஆகுமுன்னே, ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். பெண். குரோம்பேட்டையில் ஒரு சின்ன நர்ஸிங் ஹோம். அப்பா ஆபீஸ் போன பிறகு அம்மா ரசஞ்சோற்றைத் தூக்குவாளியில் போட்டு, என்னையும் கூட்டிக்கொண்டு, கேம்ப் ரோடில் பஸ் ஏறினார். "அப்பாகிட்ட சொல்லாத" என்று வழி முழுக்கச் சொன்னார். நான் வெள்ளை ஃப்ராக் அளவு கொடுக்கத் தையல்காரரிடம் போனதாக ஏற்பாடு.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அந்த அறையில் ஒரு மாதிரி அமைதி. டெட்டாலும் பச்சைப் பால் வாசனையும். சித்தி கட்டிலில் காய்ச்சலோடு கிடந்தார், ஒரு கையில் சலைன். குழந்தை எதிர் மூலையில் ஒரு மேசை மேல், மூக்கருகில் ஆக்ஸிஜன் குழாயோடு. உதடு நாவல்பழம் தின்ற மாதிரி இருந்தது. வயிறு மட்டும் வேகமாக ஏறி இறங்கியது. சித்தப்பா பக்கத்தில் நின்றிருந்தார். கருப்புச் சட்டைதான். ரெண்டு நாள் சட்டை என்று பார்த்தாலே தெரிந்தது. அவரிடமிருந்து தோல் கம்பெனி வாடை வந்தது. அந்த வாடையை இப்போது நினைத்தாலும் எனக்கு அருவருப்பு வருவதில்லை.

டாக்டரம்மா சொல்லிவிட்டுப் போயிருந்தார். இங்கே வைத்துப் பார்க்க வசதி இல்லை, எழும்பூர் பெரிய ஆஸ்பத்திரிக்கு உடனே கொண்டுபோக வேண்டும், வழி தாங்குமா என்று சொல்ல முடியாது. வாசலில் ஆட்டோ வந்து நின்றிருந்தது.

சித்தி அம்மாவைப் பார்த்ததும் எழ முயன்று முடியாமல் விழுந்தார்.

"அக்கா, தண்ணி ஊத்து. நீ ஊத்து அக்கா. ஃபாதர் வேணாம்னா போகட்டும், நீ குடுத்தாலும் செல்லும்."

அம்மா மேசைப் பக்கம் போனார். குழந்தையைப் பார்த்தார். முந்தானையைப் பிடித்துக்கொண்டே நின்றார்.

"ஃபாதரே முடியாதுன்னு சொன்னப்புறம் நான் எப்படிடீ... அவருகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு... கீழ போன் இருக்கா?"

"அக்கா, நேரம் இல்லக்கா."

அம்மாவின் கை வரவில்லை. நான் பார்த்தேன். அது முன்னால் போனது, திரும்பி வந்து முந்தானையைப் பிடித்துக்கொண்டது. தினமும் ஜெபமாலை சொல்கிற கை. அப்பாவைக் கேட்காமல் ஒரு கிலோ வெங்காயம் கூட வாங்கிப் பழக்கமில்லாத கை.

ஆட்டோக்காரர் கதவருகே வந்து எட்டிப் பார்த்தார். "இன்னாம்மா குந்திகினு கீறீங்க? கொயந்த நீலமா கீதே, சீக்கிரம் தூக்குங்க!"

சித்தி தன் புருஷனைப் பார்த்தார்.  அப்புறம் சித்தப்பா கேட்டார்.

"நான் ஊத்துனா ஆவுமா?"

"ஆகும்," என்றார் சித்தி. "யார் ஊத்துனாலும் ஆகும். ஊத்தறவங்களே சொல்லணும். நான் சொல்றேன், நீங்க திருப்பிச் சொல்லுங்க."

மேசை மேல் காய்ச்சி ஆறவைத்த தண்ணீர் ஒரு டம்ளரில் இருந்தது, பக்கத்தில் குழந்தைக்குப் பால் புகட்டும் பாலாடை. சித்தப்பா பாலாடையில் தண்ணீரை மொண்டார். இடது கையால் குழந்தையின் தலையைத் தூக்கிப் பிடித்தார்.  சித்தி கட்டிலிலிருந்து சொல்லச் சொல்ல, பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி திருப்பிச் சொன்னார். முதலில் குழந்தையின் பேர். அவர்களே வைத்த சுத்தமான தமிழ்ப் பேர். அப்புறம், "பிதா, சுதன், பரிசுத்த ஆவியின் பேராலே நான் உனக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறேன்." ஒவ்வொரு பேருக்கும் கொஞ்சம் தண்ணீர். குழந்தை முகத்தைச் சுளித்தது. தண்ணீர் காதுப் பக்கம் ஓடியதும் அவசரமாகத் தன் சட்டை நுனியால் ஒற்றினார். உடனே துணியோடு குழந்தையை வாரிக்கொண்டு படிகளில் இறங்கி ஓடினார்.

நான் அதுவரை எத்தனையோ ஞானஸ்நானம் பார்த்திருந்தேன். கோயிலில் அது நடக்கும்போது போட்டோக்காரர் ஃப்ளாஷ் அடிப்பார், ஞானத்தாய் பட்டுப்புடவையைச் சரிசெய்வார், யாரோ ஒருத்தர் பிரியாணி வந்துவிட்டதா என்று பின்னால் கேட்டுக்கொண்டிருப்பார். ஞானத்தந்தையாக யார் வருகிறார் என்பதில்தான் வீட்டு அந்தஸ்து. எனக்கே ஞானத்தந்தை என்று ஒரு ரயில்வே ஆபீசர் உண்டு. அப்பா மெனக்கெட்டுப் பிடித்தவர். என் விசுவாச வாழ்வுக்குப் பொறுப்பேற்ற அந்த மனிதரை அதற்கப்புறம் நான் பார்த்ததே இல்லை.

குழந்தை பிழைத்தது. எழும்பூரில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் பார்த்தார்கள். சித்தப்பா வராந்தாவிலேயே கிடந்தார். ஆபீஸ் போனாரா, சாப்பிட்டாரா தெரியாது. கடைசியில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு தாம்பரம் ரயிலேறி வீடு திரும்பினார்.

விஷயத்தை உடைத்தது நான்தான். வேண்டுமென்று இல்லை. கொட்டகையில் டீச்சர் வழக்கம்போலக் கேட்டார், "ஆபத்து வேளையில் ஞானஸ்நானம் யார் கொடுக்கலாம்?"

"யார் வேண்டுமானாலும் கொடுக்கலாம்," என்று எல்லோரும் கத்தினார்கள்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. "எங்க சித்தப்பா குடுத்தார் டீச்சர்," என்றேன்.

டீச்சர் அடிஸ்கேலைக் கீழே வைத்தார். "எந்தச் சித்தப்பா?"

பதிலைப் புத்தகத்திலிருந்து வருஷாவருஷம் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான். ஆனால் 'யார் வேண்டுமானாலும்' என்றால் நிஜமாகவே யார் வேண்டுமானாலும் என்று அவர் நினைத்துப் பார்த்ததே இல்லை. அன்று சாயங்காலத்துக்குள் கமிட்டி முழுக்கத் தெரிந்துவிட்டது. நாத்திகன் ஒருத்தன் திரு அனுமானத்தைக் கேலி செய்துவிட்டான், பெரிய தோஷம், பரிகாரப் பூசை வைக்க வேண்டும் என்றார்கள். செயலாளரின் மச்சினி வீட்டிலேயே இப்படியா என்றும் கேட்டார்கள். அதுதான் அப்பாவைச் சுட்டது. வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றாமலே கத்தினார். அம்மா நர்ஸிங் ஹோம் போனது, நான் பார்த்தது எல்லாம் வெளியே வந்தது. அம்மாவை என்ன சொன்னார் என்று எழுத எனக்கு இஷ்டமில்லை. கத்தி முடித்துவிட்டு ஜெபமாலையை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

மறுநாள் டீச்சரும் கமிட்டியில் ரெண்டு பேரும் ஃபாதரிடம் போய்ப் புகார் சொன்னார்கள். ஃபாதர் "அன்னைக்கு அங்க இருந்தவங்க எல்லாரையும் வரச் சொல்லுங்க," என்று மட்டும் சொன்னாராம். அதனால்தான் நானும் போனேன்.

ஃபாதர் பங்களாவின் முன்னறை. நீளமான மேசை, மரப்பெட்டி வாசனை, காலண்டர் தாள்கள் படபடக்கும் சத்தம். ஒரு பக்கம் அப்பா, டீச்சர், கமிட்டிக்காரர்கள். இன்னொரு பக்கம் சித்தி, மடியில் குழந்தை, பக்கத்தில் சித்தப்பா. அம்மாவும் நானும் எந்தப் பக்கம் உட்காருவது என்று தெரியாமல் சுவரோரம் நின்றோம். சித்தப்பா அன்றைக்காவது வேறு சட்டை போட்டு வந்திருக்கலாம் என்று நினைத்தேன். கருப்புதான், ஆனால் துவைத்து இஸ்திரி போட்டது.

ஃபாதர் அவரையே நேராகப் பார்த்துக் கேட்டார்.

"தண்ணிதானே ஊத்துனீங்க? வேற ஒண்ணும் கலக்கல?"

"தண்ணிதான் சார். காய்ச்சின தண்ணி."

"தலையில பட்டு ஓடுச்சா?"

"ஓடுச்சு. காதுக்குள்ள போவப் போவுதுன்னு தொடச்சேன்."

"என்ன சொன்னீங்க?"

சித்தப்பா சொன்னார். ஒரு வார்த்தை பிசகவில்லை.

"ஊத்தும்போதே சொன்னீங்களா, அப்புறமா?"

"ஊத்திக்கினேதான் சொன்னேன்."

ஃபாதர் அடுத்ததைக் கேட்டார். "உங்களுக்கு இதுல நம்பிக்கை உண்டா?"

"இல்ல சார்."

அப்பா சிரித்தார். "பாத்தீங்களா ஃபாதர், அவர் வாயாலயே..."

"நான் உங்ககிட்ட பேசல," என்றார் ஃபாதர், திரும்பாமலே. "நம்பிக்கை இல்லேன்னா எதுக்குச் செஞ்சீங்க?"

சித்தப்பா சித்தியைப் பார்த்தார். "இவ கேட்டா. இவ என்னா நெனச்சுக் கேட்டாளோ அது கொழந்தைக்கு நடக்கட்டும்னு செஞ்சேன். நான் நெனைக்கறது, நம்பறதெல்லாம் வேற. அன்னிக்கு அதை எடுத்துக்கினு வரல. வெளையாட்டா செஞ்சேன்னு இவங்க சொல்றாங்களாம். என் பொண்ணு மூச்சு வுட முடியாம கெடக்கறா, எவனாவது வெளையாடுவானா சார்?"

ஃபாதர் தலையாட்டினார். கமிட்டிப் பக்கம் திரும்பினார்.

"திருச்சபை எதை நெனச்சுச் செய்யுதோ அதையே செய்யணும்னு நெனச்சு ஊத்தினாப் போதும். ஊத்தறவர் யாரா இருந்தாலும் சரி. இவர் அதைத்தான் செஞ்சிருக்கார். இந்தக் குழந்தை ஞானஸ்நானம் வாங்கின குழந்தை. மறுபடி தண்ணி ஊத்தக்கூடாது. எண்ணெய் பூசறது, வெள்ளைத் துணி, மெழுகுவத்தி, அது மட்டும் கோயில்ல செஞ்சு முடிக்கலாம்."

டீச்சரின் வாய் திறந்தபடி நின்றது. அப்பாவுக்கு மட்டும் விட மனசில்லை. "அப்ப நாளைக்கு எவன் வேணும்னாலும்..."

அப்போதுதான் சித்தி தலையை நிமிர்த்தினார். கோபமாகக்கூட இல்லை, வருத்தமாகத்தான் சொன்னார்.

"ஃபாதர், நீங்க அன்னைக்கே முடியாதுன்னு சொல்லாம இருந்திருந்தா இவ்வளவு தூரம் வந்திருக்காது."

"நான் எப்பம்மா முடியாதுன்னு சொன்னேன்?"

"பெரிய வியாழன் சமயத்துல. அத்தான் வந்து கேட்டாரே."

ஃபாதர் அப்பாவைப் பார்த்தார். "நீங்க என்கிட்ட கேட்டீங்களா?"

அப்பா சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டார். 

"அது வந்து ஃபாதர்... உங்களுக்கு இருக்கற வேலையில எதுக்குத் தொந்தரவு குடுக்கணும்னு... எப்படியும் நீங்க அதைத்தானே சொல்லியிருப்பீங்க."

இந்த ஒரு வாக்கியத்தை நான் அதற்கப்புறம் எத்தனையோ பேர் வாயில், எத்தனையோ விதத்தில் கேட்டிருக்கிறேன். கடவுள் சார்பாகப் பேசுகிறவர்கள் எல்லோரும் கடைசியில் சொல்வது இதுதான். கேட்கவில்லை, ஆனால் அவர் அதைத்தான் சொல்லியிருப்பார்.

"கேட்டிருந்தா குடுத்திருப்பேன்," என்றார் ஃபாதர். "கல்யாணம் பெரியவங்க சமாச்சாரம். குழந்தை என்ன செஞ்சுது?"

அம்மா சுவரோரத்திலிருந்து பேசினார். அப்பா இருக்கும் இடத்தில், நாலு பேர் முன்னால், அவர் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

"ஃபாதரே வேணாம்னாருன்னுதான் அன்னைக்கு என் கை வரல. குழந்தை செத்திருந்தா?"

 அப்பா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அந்தச் சமயத்தில் மனிதருக்குக் கைக்கடிகாரம் எவ்வளவு உபயோகம் பாருங்கள்.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் மிச்சச் சடங்கு நடந்தது. அப்பாவுக்கு அன்று வயிற்று வலி. கமிட்டிக்காரர்களுக்கும் என்ன வலியோ, ஒருத்தரும் நிற்கவில்லை. சித்தியின் ஆபீஸில் கூட வேலை செய்த ஒரு கல்யாணமாகாத அக்கா ஞானத்தாயாக நிற்பதாக இருந்தது. ஃபாதர் "ஞானத்தாய் வாங்க" என்றதும் என் அம்மா எழுந்து நேராக நடந்துபோனார். அந்த அக்கா புரிந்துகொண்டு ஒதுங்கினார். அம்மா குழந்தையை வாங்கிக்கொண்டார். மெழுகுவர்த்தியை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, உருகிய மெழுகு விரலில் சொட்டியதைக்கூடக் கவனிக்காமல் நின்றார். குழந்தை, எண்ணெய் பூசிய ஃபாதரின் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. கல்நெஞ்சக்காரர் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன், முன்பல் ஒன்று கொஞ்சம் கோணல். சித்தப்பா வாசற்படிக்கு வெளியே, வெயிலில், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். உள்ளே கூப்பிட்டார்கள். "இருக்கட்டும், இங்கிருந்தே தெரியுது," என்றார்.

அந்தப் பெண் இப்போது பள்ளிக்கரணைப் பக்கம் குடியிருக்கிறாள், ரெண்டு பிள்ளைகள். சித்தப்பா கடைசிவரை சாமி கும்பிடவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் மனைவியையும் மகளையும் ஸ்கூட்டரில் கொண்டுவந்து கோயிலில் விட்டுவிட்டு, எதிர்க் கடையில் டீ குடித்தபடி பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். அப்பாவோ சாகக்கிடக்கும்போது பூசும் அவஸ்தைப் பூசுதல் எல்லாம் வாங்கி, சகல அனுமானங்களோடும் போய்ச் சேர்ந்தார். சாகிறவரை, மச்சினி குழந்தைக்கு ஞானஸ்நானம் கிடைக்கத் தான் எவ்வளவு பாடுபட்டேன் என்று வருகிறவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அடக்கப் பூசையில் அவரைப் புண்ணியவாளன் என்றார்கள். நான் முதல் பெஞ்சில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஆனால் நான் சொல்ல வந்தது, அந்தச் சடங்கெல்லாம் முடிந்த பிறகு வந்த ஒரு சனிக்கிழமை சாயங்காலத்தைப் பற்றி. மறுநாள் எங்களுக்குப் புதுநன்மை. அதற்கு முன்னால் முதல் பாவசங்கீர்த்தனம். கோயிலின் ஓரத்தில் மரக்கூண்டு மாதிரி இருந்த பாவசங்கீர்த்தனத் தொட்டிக்கு முன்னால் வரிசையில் நின்றோம். பிள்ளைகளுக்கு முன்மாதிரியாக இருக்க வேண்டும் என்று பெற்றோரையும் வரச் சொல்லியிருந்தார்கள். எனக்கு முன்னால் அப்பா.

அவர் முழங்கால் போட்டார். மரத்தடுப்புக்கும் எனக்கும் நடுவில் ஒரு ஆள் தூரம்தான். காதைப் பொத்திக்கொள்ள வேண்டும் என்று டீச்சர் சொல்லியிருந்தார். பொத்தினேன். ஆனால் அப்பாவுடைய அந்தக் குரலுக்குக் கை எல்லாம் போதாது.

"பொய் சொன்னேன் ஃபாதர். பூசையில ஒண்ணு ரெண்டு தடவை பராக்கு. ஆபீஸ்ல கோபப்பட்டேன்."

பொய் சொன்னேன் என்றாரே, அதைத்தான் சொல்கிறார் என்று நினைத்தேன்.  ஃபாதரும் அப்படி நினைத்தாரோ என்னவோ, கொஞ்சம் காத்திருந்தார்.

"என்ன பொய்?"

"சும்மா... சின்னச் சின்னதா. லீவு லெட்டர்ல அந்த மாதிரி."



"வேற ஏதாவது?" என்றார் ஃபாதர்.

"அவ்வளவுதான் ஃபாதர்."

"நல்லா யோசிச்சுப் பாருங்க."

"யோசிச்சுட்டேன் ஃபாதர். அவ்வளவுதான்."

அப்பா எழுந்து, கண்ணை மூடிக்கொண்டு, முகத்தில் பளபளப்போடு என்னைக் கடந்து போனார். பீடத்துக்கு முன்னால் வெறும் தரையில் முழங்கால் போட்டார்.

என் முறை. நான் மண்டியிட்டேன். டீச்சர் சொல்லிக்கொடுத்ததை எல்லாம் வரிசையாக ஒப்பித்தேன். அடிக்காத பக்கத்து வீட்டுப் பையனையும் அடித்ததாகச் சொன்னேன். மரத்தடுப்புக்கு அந்தப் பக்கம் ஃபாதருடைய மூச்சு மட்டும் கேட்டது.

"வேற ஏதாவதும்மா?"

நான் யோசித்தேன். நிஜமாகவே யோசித்தேன்.

"எங்கப்பா மேல எனக்கு மரியாதையே வரல ஃபாதர். அவரப் பாத்தா அருவருப்பா இருக்கு."

 வெளியே ஒரு விமானம் போய் அடங்கியது.

"அதுக்காக மனஸ்தாபப்படறியா, மனசார வருந்தறியா?" என்று கேட்டார்.

"இல்ல ஃபாதர்."

"சரி," என்றார், ரொம்ப மெதுவாக. "அதை இப்ப வெச்சுக்கோ. என்னைக்காவது மனஸ்தாபம் வந்தா வந்து சொல்லு."

மற்ற பாவங்களுக்கெல்லாம் மன்னிப்புக் கொடுத்து அனுப்பினார். இத்தனை வருஷத்தில் நானும் கணக்கில்லாத தடவை அந்தத் தொட்டிக்கு முன்னால் மண்டியிட்டிருக்கிறேன். ஒன்று விடாமல் எல்லாம் சொல்லியிருக்கிறேன். அது ஒன்றை மட்டும் திரும்பக் கொண்டுபோகவில்லை. போனால் மன்னித்துவிடுவார்கள்.